கட் சொல்லும்வரை

என் வீட்டுக்காரர் இதுவரை எத்தனை முறை செத்திருக்கிறார் என்று கேட்டால் எனக்கே கணக்குத் தெரியாது. கத்திக்குத்து, விஷம், லாரி மோதியது, தூக்கு, ஒருமுறை கூலரில் கையை விட்டு ஷாக் அடித்து. நொய்டாவில் எடுக்கிற க்ரைம் தொடர்களில் ஒரு பிணம் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போனால், பக்கத்து சீட் சர்மா மேடம் நான் பையை வைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவாள். "ராஜம் ஜி, ஆப்கே ஹஸ்பெண்ட் ஃபிர் மர் கயே!" மறுபடியும் செத்துப்போய்விட்டாராம். அவளுக்குச் சிரிப்பு. என் கை தன்னால் தாலிக்குப் போகும்.

அவர் பேர் கலியன். எழுதுவேனே தவிர வாயால் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பண்ருட்டிப் பக்கத்தில் சொல்லி வளர்த்துவிட்டார்கள். பரீட்சை எழுதி மத்திய சர்க்கார் வேலைக்கு டில்லி வந்த பிறகும் அது என்னை விடவில்லை. டிஸ்பென்சரி கார்டு வாங்கப் போனபோது "பதி கா நாம்?" என்று புருஷன் பேர் கேட்ட கிளார்க்கிடம் பேப்பரைத் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைச் சைகையில் கேட்டான். வீட்டில் 'ஏங்க'. கோபம் வந்தால் 'இந்தாய்யா'. அதற்கு மேல் போனதில்லை.

ஆர்.கே.புரத்தில் நாங்கள் இருக்கிற குவார்ட்டர்ஸ் என் பேரில் கிடைத்தது. என் சம்பளத்தில்தான் குடும்பம். அவர் கரோல்பாகில் ஒரு டிராவல்ஸில் இருந்தார்; தமிழ்நாட்டிலிருந்து வரும் யாத்திரைக் கூட்டத்தை ஹரித்துவாருக்கும் ஆக்ராவுக்கும் கூட்டிக்கொண்டு போகிற வேலை. பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்தில் நாடகம் போட்டால் ஓடிப்போய் மேடையில் நின்றுவிடுவார். அப்படி ஒரு நாடகத்தில் பார்த்துவிட்டுத்தான் ஓர் இந்தி விளம்பரக்காரன் கூப்பிட்டான். இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு கண்ணை உருட்டி "அய்யோ ஜி!" என்று சொல்ல வேண்டும். சொன்னார். பிடித்தது சனி. அதன்பிறகு டில்லியில் எவனுக்கு ஒரு மதராசி தேவைப்பட்டாலும் இவர் நெற்றியில் பட்டை போட்டு "அய்யோ ஜி" சொல்ல வைத்தான்கள். பண்ருட்டியில் எவன் "அய்யோ ஜி" என்கிறான்? கேட்டால், "இதுவாச்சும் வருதே ராஜம்" என்பார்.

பிணமாக நடிப்பது அதைவிட மேல் என்று அவரே ஒருநாள் சொன்னார். "பொணத்துல மதராசி, பஞ்சாபின்னு கிடையாது. பாத்து எவனும் சிரிக்கவும் மாட்டான்." சின்ன வயசில் கெடிலம் ஆற்றில் முங்கிக் கிடந்து பழகிய மூச்சு அவருக்கு. கேமரா எவ்வளவு கிட்டே வந்தாலும் நெஞ்சு ஏறி இறங்காது.

போன டிசம்பரில் அந்த நெஞ்சுதான் மக்கர் பண்ணியது. ஸ்டென்ட் வைத்தார்கள். மூச்சை அடக்குகிற வேலையெல்லாம் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் இவர் செய்த முதல் காரியம், என் கையை இழுத்து எங்கள் மகள் இளவரசி தலைமேல் வைத்தது. "இந்த விஷயம் எந்த யூனிட்டுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒருத்தனும் கூப்பிட மாட்டான். சத்தியம் பண்ணு." பெற்ற பெண் தலையில் கையை வைத்துவிட்டு நான் என்ன பேச முடியும்? பதிலுக்கு நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். இனிமேல் எந்தச் சாவு சீனாக இருந்தாலும் நானும் கூட வருவேன். கேமரா முகத்தில் இருக்கும்போது வலது கால் கட்டை விரலை அவ்வப்போது அசைத்துக் காட்ட வேண்டும். அசைந்தால் ஆள் இருக்கிறார். அசையாவிட்டால் நான் உள்ளே வந்துவிடுவேன், அது எவன் படமாக இருந்தாலும் சரி. அதன்பிறகு இரண்டு சீன் அப்படியே முடிந்தது. விரல் அசைந்தது; நானும் மூச்சு விட்டேன்.

அப்புறம்தான் கௌதமன் வந்தான். சென்னையிலிருந்து வந்த டைரக்டர். அவன் எடுக்கிற தமிழ்ப் படம் முழுக்க டில்லியில் நடக்கிறது. நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டு துப்புரவு வேலை பார்த்த ஒரு தமிழன்; வீட்டை இடிக்க வருகிற நாளில் செத்துப்போகிறான்; ஊரிலிருந்து மகன் வந்து அழுகிறான். மகன்தான் ஹீரோ. அப்பன் வேஷம் இவருக்கு. 'அய்யோ ஜி' கிடையாது, பட்டை கிடையாது, நம் ஊர்ப் பேச்சு. பேசுகிற சீன் இரண்டு, அப்புறம் சாவு. வாழ்நாளில் முதல் தடவையாக இவர் முகத்துக்காக ஒருத்தன் வீடு தேடி வந்திருக்கிறான். அன்று மலைமந்திர் முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தவர், பீரோ கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சாவு ஷாட்டை ஜூன் மாசத்தில் வைத்தான்கள். டில்லி ஜூன் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. பைப்பைத் திறந்தால் கை வேகும். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஓக்லா பக்கம் ஒரு பொட்டலில் செங்கல்லும் தகரமுமாக வீடு போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெஞ்சு. சுற்றி உட்கார்ந்து அழுவதற்கு, ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியை இடித்தபோது நரேலாவுக்குப் போன பெண்களைப் பஸ் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். அவர்கள் செட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி தகரக் கதவைத் தடவிப் பார்த்து, "எங்க வீட்டுக் கதவு மாதிரியே கீது" என்றாள். வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் ஜேசிபி ஒன்று எஞ்சினை உறுமிக்கொண்டு நின்றது.

கௌதமன் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னான். "ஜேசிபி சுவத்தை இடிக்கறதும் இங்க அழறதும் ஒரே ஷாட். செட்டு ஒண்ணுதான் இருக்கு, இடிச்சா இடிச்சதுதான். ரீடேக் கிடையாது. நான் கட் சொல்றவரைக்கும் வானமே இடிஞ்சு விழுந்தாலும் யாரும் நிறுத்தக் கூடாது. ஓகேவா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். இவர் பெஞ்சில் படுத்தபடியே எல்லாரையும்விடப் பலமாக ஆட்டினார்.

கேமராவுக்குப் பின்னால் நின்றால் அவர் கால் தெரியாது என்பதற்காக, "நானும் அந்தப் பொம்பளைங்களோட உக்காந்துக்கறேன் தம்பி" என்றேன். கட்டியிருந்தது சாதாரண நூல் புடவைதான். கௌதமன் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடைசி வரிசையில இருந்துக்கங்கம்மா" என்றான். போய் உட்காரும் முன் இவர் காதில் குனிந்து, "வெரலு" என்றேன். "தெரியும் போ" என்றார்.

நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அந்தக் காரியம் நடந்துவிட்டது. ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் வேலை செய்த டில்லிப் பையா ஒருவன் வெள்ளைத் துணியைப் போர்த்தி மாலையைப் போட்டுவிட்டு நகரப் பார்த்திருக்கிறான். இவர் விடவில்லை. "அரே பையா, எங்க ஊர்ல இப்படி இல்ல. ரெண்டு கட்டை வெரலையும் சேத்துக் கட்டணும். தாடையைச் சுத்தித் துணி கட்டணும். நெத்தியில காசு வைக்கணும். ஜல்தி கரோ." சாவிலும் குறை இருக்கக் கூடாதாம். பாவம், அவனும் சொன்னபடி இறுக்கிக் கட்டிவிட்டான். எனக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்துக் கட்டியது அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. அவருக்கு அப்போது நான் எங்கே, ஸ்டென்ட் எங்கே? வேஷம் ஒன்றுதான்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து காலைத் தேடினேன். துணிக்கு வெளியே இரண்டு கட்டை விரலும் வெள்ளை நாடாவில் ஒட்டிக்கொண்டு நின்றன. கட்டின விரலை எப்படி அசைப்பார்? "தம்பி, ஒரு நிமிஷம்" என்று எழுந்தேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. "ரோலிங்" என்று கத்தினார்கள். "ஆக்‌ஷன்."

ஜேசிபி கிளம்பியது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அது நடிப்பு அழுகை இல்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. அவர்கள் என் புருஷனுக்காகவா அழுதார்கள்? தங்கள் வீட்டுக்காக அழுதார்கள். பின்சுவர் மடமடவென்று சரிந்தது. புழுதி எழும்பியது. ஹீரோ ஓடி வந்து அப்பா காலில் விழுந்தான். விழுந்தவன் இரண்டு பாதத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டான். கட்டின விரலையும் இப்போது பார்க்க முடியாது.

கேமரா அவர் முகத்தை நோக்கி மெல்ல மெல்லப் போயிற்று. நான் நெஞ்சைப் பார்த்தேன். அசைவில்லை. அசையாது என்று எனக்குத் தெரியும், அதுதானே அவர் தொழில். முகத்தைப் பார்த்தேன். தாடைத் துணிக்கு மேலே உதடு வெளிறிக் கிடந்தது. மேக்கப்பா? பவுடரா? அந்த வெயிலில் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வைகூட இல்லை. அதுவும் மேக்கப்பா? சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சத்தியம் இருக்கிறது. அதைவிட, இவருக்கு இது ஒரே ஷாட், ரீடேக் இல்லாத ஷாட். கெடுத்தால் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஓர் ஈ வந்தது. மூக்கு நுனியில் உட்கார்ந்தது. கன்னத்தில் நடந்தது. இமையோரத்துக்குப் போய் ஈரத்தில் வாயை வைத்தது. இமை துடிக்கவில்லை. தூங்குகிறவனுக்குக்கூட இமை துடிக்கும். ஈ நிதானமாகக் கண்ணோரத்தில் நடந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. உயிருள்ள மனுஷன் எவனும் அதைத் தாங்கமாட்டான்.

என்ன செய்தேன் என்று எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. அங்கே இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு ஓடினேனாம். "கலியா!" என்று கத்தினேனாம். "டேய் கலியா, எழுந்திருடா, எழுந்திருடா" என்று அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தேனாம். வாயால் ஒருதடவை சொல்லாத பேரை அத்தனை பேர் முன்னாலும், 'டா' போட்டு. தாடைத் துணியை இழுத்தேன். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. காசு உருண்டு விழுந்தது. கண் திறக்கவில்லை. என் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என் சத்தம்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவர் நெஞ்சிலேயே விழுந்து கிடந்தேன். பெண்கள் என்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த நேரத்தில் நான் தாலி அறுத்தவள். அதில் சந்தேகமே இல்லை.

"கட்!"

நெஞ்சு ஒருதடவை பெரிதாக ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தார். என் முகம் அவர் முகத்துக்கு நேரே இருக்கிறது. என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சார், ஓகேவா?" என்று கேட்டார்.

ஓங்கி ஓர் அறை விட்டேன்.

அப்புறம் யாரோ கை தட்ட ஆரம்பித்து, எல்லாரும் தட்டினார்கள். தமிழ் யூனிட்டில் ஒரு வழக்கம், பிணமாக நடித்தவரைச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். திருஷ்டி கழிகிற மாதிரி. எடுத்தார்கள். கன்னத்தில் என் விரல் பதிந்திருக்க, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சும்மா இல்லை, நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோ ஆசிரமம் சிக்னலைத் தாண்டியது. அப்புறம் கேட்டேன்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அடிச்சது?"

"வலிச்சுது."

"அப்புறம் ஏன்யா கண்ணைத் தொறக்கல?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கட் சொல்லலையே ராஜம்."

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை வைப்பேன், மாத்திரையை எடுத்துத் தட்டுப் பக்கத்தில் வைப்பேன், அவ்வளவுதான். செத்துவிட்டார் என்று நினைத்தது கூட ஆறிப்போகும். உயிரோடு இருந்துகொண்டு நான் கதறுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அந்த வாரமே கௌதமன் போன் பண்ணினான். இளவரசி ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, அந்த ஷாட்ல நீங்கதாம்மா உசுரு. ஆனா நீங்க நடிக்க வரல. நீங்க சரின்னு சொன்னாத்தான் படத்துல வைப்பேன். இல்லேன்னா அந்த ஷாட்டையே எடுத்துடணும். அது போனா அப்பா சீன் எதுவும் நிக்காது, எல்லாம் போயிடும். ஹீரோ வீட்டுச் சுவத்துல கலியண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டுக் காமிச்சிட்டுக் கதையை நகத்திடுவேன்."

"உசுரோட இருக்கிற புருஷனுக்கு நான் மாரடிச்சு அழுததை ஊரெல்லாம் டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா? முடியாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இளவரசி பின்னாலேயே வந்தாள். டில்லியில் பிறந்தவள், பாதி இந்தியில்தான் வாதாடுவாள். "மா, அப்பாக்கு இது லாஸ்ட் சான்ஸ் மா. இவ்ளோ குஸ்ஸா வேணாம். ப்ளீஸ் மான் ஜாவோ நா." கோபத்தை விட்டுவிட்டு ஒத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

"உங்கப்பன் எனக்கு ஒரு சான்ஸ் குடுத்தாரா? கண்ணைத் தொறக்க எவ்ளோ நேரம்டி ஆகும்?"

அவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஷாட்டுக்குச் சம்மதிக்கச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நன்றாகக் கிழித்திருப்பேன். கேட்காததுதான் என்னைப் போட்டு அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கிட்டே போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். சூடாக மூச்சு வந்தது. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கையை எடுத்துக்கொண்டு கொடியில் துணி எடுக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் படுத்தால் சும்மா கிடப்பதில்லை. இருமுவார். கொட்டாவி விடுவார். ஃபேனைத் திட்டுவார். ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டில் சட்டத்தில் தாளம் போடுவார். முதலில் எரிச்சலாக வந்தது, ஒரு மனுஷி நிம்மதியாக அரிசி களைய முடியவில்லையே என்று. அப்புறம்தான் புரிந்தது, இருக்கிறேன் இருக்கிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டு அந்தத் தாளத்தைக் கேட்டுக் கண் கலங்கினேன், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, பால்கனியில் அவர் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த ஷாட்டை விட்டுடுங்க தம்பி. போட்டோவே வச்சிக்குங்க. இல்ல, அவகிட்ட நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். எந்த மூஞ்சியை வச்சிகினு கேக்கறது?" அவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், "நல்லா வந்திருக்குன்னு எனக்கும் தெரியும் தம்பி. இந்த மாதிரி இன்னொண்ணு எனக்கு வராதுன்னும் தெரியும். அன்னிக்கு நான் கண்ணைத் தொறந்திருக்கணும். அவ்ளோதான்."

இத்தனை வருஷம் "அய்யோ ஜி" சொல்லிச் சொல்லி, கடைசியில் தன் முகம் வருகிற ஒரே படத்தைத் தானே வேண்டாம் என்று சொல்கிறார். போய் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"தம்பி, ராஜம் பேசறேன். என் புருஷன் போட்டோவுக்கு மாலை போடற வேலையெல்லாம் வேணாம். அந்த ஷாட்டையே போட்டுக்குங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ராஜம்" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். பல நாளைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ரொம்ப நன்றிம்மா" என்றான் கௌதமன்.

"இருங்க, முடிக்கல. படத்துல பேரு போடுவீங்களா?"

"கண்டிப்பாம்மா. ராஜம்னு போடறோம்."

"வெறும் ராஜம்னு போடக் கூடாது. திருமதி ராஜம்னு போடணும். அந்த அழுகையைப் பாக்கிறவங்க எல்லாருக்கும், இவளுக்குப் புருஷன் உசுரோட இருக்கார்னு தெரியணும்."

"அம்மா, டைட்டில்ல மத்த நடிகைங்க யாருக்கும் அப்படிப் போடறதில்லையேம்மா."

"மத்தவங்க நடிச்சாங்க தம்பி. நான் அழுதேன்."